இரணியலில் இறங்கினால் பத்மநாபபுரம்

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகும் ரயில் பாதையில், வீராணி ஆளூருக்கும் பள்ளியாடிக்கும் நடுவே இரணியல் என்றொரு சிறிய நிலையம் இருக்கிறது. பாசஞ்சர் வண்டிகளும் சில விரைவு வண்டிகளும் அங்கே நின்று போகின்றன. காலையில் வேலைக்கும் படிப்புக்கும் மருத்துவத்துக்குமாகத் திருவனந்தபுரம் போகிறவர்கள், மாலையில் திரும்புகிறவர்கள், சீசன் டிக்கெட்காரர்கள் என்று அந்த நிலையத்துக்கு உள்ளூர் வாடிக்கை போதுமான அளவில் உண்டு. ஆனால் அங்கிருந்து பத்து கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில், நம் நாட்டின் மரக்கட்டடக் கலைக்கு ஆகச்சிறந்த சான்றுகளில் ஒன்றான பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது என்பது வெளியூர்ப் பயணிகளில் பெரும்பாலோருக்குத் தெரியாது. அரண்மனையைப் பார்க்க வருகிறவர்கள் திருவனந்தபுரத்திலோ நாகர்கோவிலிலோ கன்னியாகுமரியிலோ இறங்கி, அங்கிருந்து கார் பிடித்து, நெரிசலான தேசிய நெடுஞ்சாலையில் ஊர்ந்து தக்கலைக்கு வந்து சேர்கிறார்கள். பக்கத்திலேயே நிலையம் இருக்கும்போது இப்படி நடப்பதற்குத் தூரத்தைக் காரணமாகச் சொல்ல முடியாது. பணத்தையும் சொல்ல முடியாது. நிலையத்துக்கும் அரண்மனைக்கும் இடையிலுள்ள அந்தச் சில கிலோமீட்டரைத் தன் பொறுப்பென்று எந்த அலுவலகமும் எடுத்துக்கொள்ளவில்லை என்பதே காரணம்.

இதன் வேர் 1956இல் இருக்கிறது. அந்த ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி மாநிலங்கள் மொழிவாரியாகத் திருத்தி அமைக்கப்பட்டபோது, திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. பத்மநாபபுரம் கல்குளம் தாலுகாவில் இருக்கிறது. ஊர் தமிழ்நாட்டுக்கு வந்தது. அரண்மனை மட்டும் கேரள அரசின் பராமரிப்பில் நின்றது. இன்றும் கேரளத் தொல்லியல் துறைதான் அதைக் காக்கிறது, நுழைவுச் சீட்டு கொடுக்கிறது, ஓட்டை மாற்றுகிறது. அரண்மனைக்குப் போகும் சாலையும் அதில் ஓடும் பேருந்தும் தமிழ்நாட்டுடையவை. சுற்றியுள்ள தெருக்கள் பத்மநாபபுரம் நகராட்சியுடையவை. இரணியல் நிலையமோ தெற்கு ரயில்வேயின் திருவனந்தபுரம் கோட்டத்தில் வருகிறது. அரண்மனைக்காரருக்கு வாசலுக்கு வெளியே வேலை இல்லை, ரயில்காரருக்கு நிலையச் சுவருக்கு அப்பால் வேலை இல்லை, பேருந்துக்காரருக்கு இரண்டையும் இணைக்கச் சொல்லி உத்தரவு இல்லை. இதில் எவரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றத் தேவையில்லை. எல்லோரும் அவரவர் எல்லைக்குள் ஒழுங்காக வேலை பார்ப்பதன் விளைவுதான் இது.

இவ்வளவு பாடுபட்டு அங்கே போய்ப் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வேளிமலை அடிவாரத்தில், கருங்கல் கோட்டைக்குள், சுமார் ஆறு ஏக்கரில் விரிந்து கிடக்கிறது அந்தக் கொட்டாரம். அதில் பழைய பகுதியான தாய்க் கொட்டாரம் 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பார்கள். 1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்ட வர்மா காலத்தில்தான் அரண்மனை இன்றைய உருவத்தைப் பெற்றது. கல்குளம் என்றிருந்த பெயர் பத்மநாபபுரமாக மாறியதும் அவர் காலத்தில்தான். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூரின் தலைநகரம் இங்கிருந்து திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டது. ஒரு விதத்தில் அதுவே நல்லதாயிற்று. தலைநகரமாக நீடித்திருந்தால் ஒவ்வொரு தலைமுறையும் தன் வசதிக்கு இடித்துக் கட்டியிருக்கும். பூமுகத்தில் நுழைந்து அண்ணாந்து பார்த்தால் விதானத்தில் ஒன்றைப்போல் ஒன்றில்லாத தொண்ணூறு பூக்கள் மரத்தில் மலர்ந்திருக்கின்றன. அங்கே தொங்கும் குதிரை விளக்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் அது சாயாமல் நேராக நிற்கும். மேலே மந்திரசாலையில் சாளரங்களுக்கு வண்ண மைக்காத் தகடு பதித்திருக்கிறார்கள். வெளியே உச்சி வெயில் கொளுத்தும்போதும் உள்ளே இதமான நிறமும் குளிர்ச்சியுமாக இருக்கும். காலுக்குக் கீழே கறுப்புக் கண்ணாடியாக மின்னும் தரை, சிரட்டைக் கரியும் சுண்ணாம்பும் முட்டை வெள்ளையும் குழைத்து இழைத்தது. ஊட்டுப்புரையில் ஒரே நேரத்தில் ஆயிரம் பேருக்கு இலை போடலாம். உப்பிரிகை மாளிகையின் மாடியில் சுவர் நிறைய ஓவியங்கள். 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இந்தியா இதைச் சேர்த்தது. பாசில் இயக்கிய ‘வருஷம் 16’ படத்தைப் பார்த்த தலைமுறைக்கு இந்த வீட்டின் முற்றமும் தாழ்வாரமும் ஏற்கெனவே அறிமுகமானவைதான், எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டாலும்.

இரணியலிலிருந்து போகத் தக்க இடம் அரண்மனை ஒன்றோடு நின்றுவிடுவதும் இல்லை. நிலையத்திலிருந்து ஓர் இணைப்புப் பேருந்து விட்டால் என்ன என்றால், அது எதற்கு என்று எழும் கேள்விக்கு முக்கியமான பதில் இதில்தான் இருக்கிறது. தக்கலையிலிருந்து நாகர்கோவில் சாலையில் கொஞ்ச தூரத்திலேயே புலியூர்க்குறிச்சி. அங்கே உதயகிரிக் கோட்டை. 1741இல் குளச்சல் கடற்கரையில் டச்சுக்காரர்களை மார்த்தாண்ட வர்மாவின் படை தோற்கடித்தது. அந்தப் போரில் சிறைபிடிக்கப்பட்ட டிலனாய், பிறகு அதே மன்னரின் படைத்தலைவராகி, திருவிதாங்கூர்ப் படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி கொடுத்தார். 1777இல் இறந்த அவருடைய கல்லறை அந்தக் கோட்டைக்குள், கூரை போன தேவாலயம் ஒன்றில் இருக்கிறது. கல்வெட்டு லத்தீனிலும் தமிழிலும் பொறிக்கப்பட்டிருக்கிறது. 2022இல் புனிதராக உயர்த்தப்பட்ட தேவசகாயம் பிள்ளையின் வரலாற்றோடு சேர்ந்த முட்டிடிச்சான்பாறையும் புலியூர்க்குறிச்சியில்தான். அருகில் குமாரகோவில். தக்கலை ஊருக்குள் பீர்முகமது அப்பாவின் தர்கா. தமிழில் மெய்ஞ்ஞானப் பாடல்கள் பாடிய சூஃபி அவர். இரணியல் ஊரிலேயே வேணாட்டு அரசர்களின் பழைய கொட்டாரம் ஒன்று உண்டு. அது பத்மநாபபுரத்துக்கு முன்பே பெயர் பெற்றது; நெடுங்காலம் சிதிலமாகக் கிடந்து, தமிழக அரசு மீட்கப் பணம் ஒதுக்கிய பிறகுதான் பேச்சுக்கு வந்தது. ஓர் அரச குலம், ஒரு டச்சுத் தளபதி, ஒரு கிறிஸ்தவ மறைசாட்சி, ஓர் இஸ்லாமியக் கவிஞர், ஒரு முருகன் கோயில் — இத்தனையும் ஒரு மினி பஸ் ஒரே சுற்றில் முடித்துவிடக்கூடிய வட்டத்துக்குள் இருக்கின்றன. இப்படியொரு சுற்றுக்கு இயல்பான தொடக்க இடம், ரயில் வந்து நிற்கும் இரணியல்தான்.

இந்தப் பாதையில் ரயில் வந்ததே தாமதம். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில், கன்னியாகுமரிக்கு அகலப் பாதை திறக்கப்பட்டது 1979இல். அதுவரை தென் திருவிதாங்கூர் முழுக்கப் பேருந்தை நம்பியே வாழ்ந்தது. அதனால் இந்த மாவட்டத்தின் பயணப் பழக்கம், கடைத்தெருக்கள், தங்கும் விடுதிகள், சுற்றுலா ஏற்பாடுகள் எல்லாமே நெடுஞ்சாலையைப் பார்த்து வளர்ந்தவை. ரயில் நிலையங்கள் ஊருக்குச் சற்று ஒதுங்கி, தென்னந்தோப்புகளுக்கும் ரப்பர் தோட்டங்களுக்கும் நடுவே பிற்பாடு வந்து உட்கார்ந்தன. இரணியலின் இன்றைய நிலையை விளங்கிக்கொள்ள இந்த வரலாறு போதும். ஆனால் நெடுஞ்சாலையை நம்பிய காலம் முடிந்துவிட்டது. களியக்காவிளையிலிருந்து நாகர்கோவில் வரை அந்தச் சாலை படும் பாடு குமரிக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். வளைந்து நெளிந்து, இருபுறமும் கடைகள் நெருக்கி, மார்த்தாண்டத்தில் மேம்பாலம் கட்டிய பிறகும் பல இடங்களில் வண்டிகள் முட்டி நிற்கின்றன. நான்குவழிச் சாலை முழுதாக வந்துவிட்டால் வேகமாகப் போகலாம்தான். ஆனால் அது ஊர்களை ஒதுக்கி வெளியே போகும் சாலை. தக்கலைக்குள் நுழைய வேண்டியவர்கள் அப்போதும் பழைய சாலைக்குத்தான் இறங்கி வரவேண்டும்.

இங்கே வழக்கமாக எழும் முதல் ஆட்சேபம் நியாயமானது. தக்கலைக்குப் பேருந்துக்கா பஞ்சம்? நாகர்கோவிலிலிருந்து சில நிமிடங்களுக்கொரு பேருந்து உண்டு. திருவனந்தபுரத்திலிருந்து இரு மாநிலப் பேருந்துகளும் அந்த வழியாகத்தான் ஓடுகின்றன. பிறகு எதற்கு ரயிலையும் இன்னொரு பேருந்தையும் கோர்த்துத் தொல்லைப்பட வேண்டும்? நாகர்கோவிலில் தங்கியிருப்பவருக்கு இந்த வாதம் முழுக்கப் பொருந்தும். அவர் வடசேரியில் பேருந்து ஏறி நேராகத் தக்கலையில் இறங்குவதே புத்திசாலித்தனம். அவரை ரயிலுக்கு இழுக்க முயல்வது வீண். இரணியல் உதவுவது வேறு இருவருக்கு. ஒருவர், திருவனந்தபுரத்திலிருந்தோ அதற்கும் வடக்கே கொல்லம், கோட்டயம், எர்ணாகுளத்திலிருந்தோ ஒரு நாள் பயணமாக வருபவர். பேருந்தில் வந்தால் நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை, மார்த்தாண்டம் என்று ஒவ்வொரு ஊரின் நெரிசலையும் அவர் சந்தித்தாக வேண்டும். மற்றவர், சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ இரவு வண்டியில் வந்து, அரண்மனையைப் பார்த்துவிட்டு மறு வண்டியில் போக நினைப்பவர். நாகர்கோவிலில் இறங்கிப் பின்னோக்கி வருவதும், திருவனந்தபுரம் வரை போய்த் திரும்புவதும் அவருக்கு அரை நாள் நஷ்டம். இந்த இருவருக்கும் ரயில் கட்டணம் ஒரு பொருட்டே இல்லை. சாதாரண வண்டியில் குறைந்தபட்சக் கட்டணம் இன்றும் பத்து ரூபாய்தான். நிலைய வாசலில் ஆட்டோவுக்குக் கேட்கும் தொகை அதைப் பல மடங்கு மிஞ்சுகிறது. இந்தப் பயண வழியின் ஓட்டை எங்கே என்று அந்த ஒரு வேறுபாடே காட்டிக்கொடுக்கிறது.

ஆட்டோக்காரர்களைக் குறை சொல்வது எளிது. ஆனால் அவர்கள் கணக்கையும் பார்க்க வேண்டும். அரண்மனைக்கு ஒரு சவாரி போனால் திரும்பும்போது காலியாக வரவேண்டியிருக்கிறது. அடுத்த வண்டி எப்போது, அதில் எத்தனை பேர் இறங்குவார்கள் என்பதும் நிச்சயமில்லை. நிச்சயமில்லாத தொழிலில் கட்டணம் கூடத்தான் செய்யும். வண்டி வரும் நேரத்துக்கு நிலைய வாசலில் ஒரு மினி பஸ் நின்றால் இந்த நிலை மாறும். தமிழ்நாட்டில் மினி பஸ் திட்டம் 1997இல் வந்ததே, பெரிய பேருந்துகள் எட்டாத இடங்களை இணைப்பதற்காகத்தான். கிராமத்துக்கும் சந்தைக்கும் ஓடும் வண்டி, நிலையத்துக்கும் அரண்மனைக்கும் ஓட முடியாதா? சுற்றுலாப் பயணி மட்டுமே ஏறும் வண்டியாக அது இருந்தால் நஷ்டத்தில் முடியும், சந்தேகமில்லை. இரணியல், தக்கலை, பத்மநாபபுரம், புலியூர்க்குறிச்சி, குமாரகோவில் என்று சுற்றி வந்தால், பள்ளிப் பிள்ளைகளும் கோயிலுக்குப் போகிறவர்களும் தக்கலைச் சந்தைக்காரர்களும் ஏறுவார்கள். அவர்களோடு சேர்ந்து நாலைந்து வெளியூர்க்காரர்களும் ஏறினால் போதும். உள்ளூர் மக்களுக்காக ஓடும் வண்டியில்தான் சுற்றுலாப் பயணிக்கும் நிலையான இடம் கிடைக்கும். அவருக்காகவே விடப்படும் சொகுசு வண்டிகள் திறப்பு விழா முடிந்த சில மாதங்களில் பணிமனைக்குத் திரும்பிவிடுவதைத் தமிழ்நாடு பலமுறை பார்த்திருக்கிறது.

இரண்டாவது ஆட்சேபம் ரயில்வே கணக்கிலிருந்து வருவது. இரணியலில் ஏறி இறங்குவோர் எண்ணிக்கை பெரிதல்ல. சிறு நிலையத்துக்கு எதற்குப் பொருள் காப்பறை, தகவல் பலகை என்பது. இந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்று பார்த்தால் அதிலுள்ள கோணல் தெரியும். நிலையங்களை ரயில்வே தரம் பிரிப்பது, அங்கே கிடைக்கும் பயணிகள் வருமானத்தையும் அங்கிருந்து புறப்படும் பயணிகளின் எண்ணிக்கையையும் வைத்து. வசதிகளும் அந்தத் தரத்தைப் பொறுத்தே வருகின்றன. வேலைக்குப் போகிறவர்களின் ஊருக்கு இந்த அளவுகோல் சரி. காலையில் புறப்படுபவர் கணக்கில் வந்துவிடுவார். பார்க்க வருகிறவர்களின் ஊருக்கு இது ஒரு பொறி. எர்ணாகுளத்தில் டிக்கெட் எடுத்து இரணியலில் இறங்குபவரின் பணம் எர்ணாகுளத்துக் கணக்கில் போய்ச் சேருகிறது. இறங்கிய இடத்தில் பையை வைக்க இடமில்லாமல், பேருந்தும் இல்லாமல் அலுத்துப்போய், திரும்பும்போது கார் பிடித்துவிட்டால், இரணியலைப் பொறுத்தவரை அப்படி ஒரு பயணி வந்ததாகவே பதிவில்லை. வசதி இல்லாததால் ஆள் இல்லை, ஆள் இல்லாததால் வசதி இல்லை. விரைவு வண்டிகளுக்குச் சோதனை அடிப்படையில் நிறுத்தம் கொடுத்துவிட்டு, டிக்கெட் விற்பனை போதவில்லை என்று பறித்துக்கொள்ளும் வழக்கத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். இறங்குவோரையும் எண்ணும் வேறொரு கணக்கைச் சுற்றுலாத் தலங்களின் நிலையங்களுக்காவது ரயில்வே வைத்துக்கொள்ளலாம். முன்பதிவு இல்லாத டிக்கெட்டையும் கைப்பேசியில் எடுக்கும் இந்தக் காலத்தில், எங்கே போகிறார்கள் என்ற விவரம் ஏற்கெனவே கணினியில் கிடக்கிறது.

இன்னும் பல வண்டிகளை நிறுத்தச் சொல்கிறீர்களா, அப்படியானால் நீண்டதூர வண்டிகளின் வேகம் என்னாவது என்று கேட்கலாம். தொலைதூரம் போகிறவர்கள் இரணியல் நிறுத்தத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இந்தக் கேள்வியில் ரயில்வே பக்கம் நிற்கிறேன். இப்போது நிற்கும் வண்டிகளே முதற்கட்டத்துக்குப் போதும். அவை நிற்கும் நேரத்தையும் அரண்மனை திறந்திருக்கும் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இதுவரை யாரும் பார்க்கவில்லை என்பதுதான் குறை. அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. மற்ற நாள்களில் காலை 9 மணிக்குத் திறந்து, மதியம் 1 மணிக்கு மூடி, 2 மணிக்கு மீண்டும் திறந்து, மாலையில் நாலரை மணியோடு உள்ளே விடுவதை நிறுத்திக்கொள்கிறார்கள். நின்று நிதானமாகப் பார்க்க இரண்டு மணி நேரமாவது வேண்டும். பதினொன்றரைக்கு மேல் நுழைகிறவர் பாதியில் வெளியேற்றப்படுவார். மதியம் மூன்றரைக்கு மேல் வருபவர் ஓட்டமும் நடையுமாகத்தான் பார்க்க முடியும். ஆக, வருவதற்குக் காலையில் ஒரு வண்டி, மதியத்துக்கு முன் ஒரு வண்டி; போவதற்கு மதியம் ஒன்று, மாலை ஒன்று. இந்த நான்கு வண்டிகளோடு மினி பஸ்ஸைப் பொருத்திவிட்டால் வேலை முடிந்தது. நிலையத்தின் பெயர்ப் பலகைக்குக் கீழே ‘பத்மநாபபுரம் அரண்மனைக்கு இங்கே இறங்கவும்’ என்று தமிழ், மலையாளம், இந்தி, ஆங்கிலத்தில் ஒரு வரி எழுத எவ்வளவு பெயிண்ட் ஆகிவிடும்? மலையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நிலையத்துக்குக் கொடைக்கானல் ரோடு என்று பெயர் வைத்து நாட்டையே அங்கே இறங்க வைத்தது நம் ரயில்வேதான்.

அரண்மனை வாசல் வரை ரயிலை யோசித்த நாடுகள் உண்டு. லண்டனுக்கு வெளியே ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையை விக்டோரியா அரசி 1838இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். 1849இல் அங்கே ஒரு கிளைப் பாதை போடப்பட்டது. நிலையத்தில் இறங்கி ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் அரண்மனை வாசல். அது நமக்கு நேரடிப் பாடம் ஆகாது, ஏனென்றால் இங்கே நிலையம் வாசலில் இல்லை. பிரான்சின் ஃபோந்தேன்ப்ளோதான் நம் நிலைமைக்கு நெருக்கமானது. நிலையம் பக்கத்து ஊரான ஆவோனில். அரண்மனை சில கிலோமீட்டருக்கு அப்பால். பாரிஸிலிருந்து வருகிறவர் இறங்கி வெளியே வந்ததும் ஊர்ப் பேருந்தில் ஏறி அரண்மனை நிறுத்தத்தில் இறங்கிக்கொள்கிறார். அந்தப் பேருந்து அங்கே குடியிருப்பவர்களின் அன்றாடப் பேருந்து. புதிதாக ஒரு மாளிகை போன்ற நிலையத்தைக் கட்டித்தான் இதைச் சாதிக்க வேண்டும் என்றில்லை. இதை வற்புறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நிலைய மேம்பாடு என்றால் முகப்பை இடித்துக் கோபுரமும் வளைவும் வைத்துக் கட்டுவது என்ற எண்ணம் நம் நாட்டில் ஊறிவிட்டது. இரணியல் நிலையத்துக்குக் கேரள பாணி ஓட்டுக் கூரை வைத்து, வாசலில் இரண்டு சிமெண்ட் யானைகளை நிறுத்திவிட்டுப் பேருந்து விடாமல் போனால், புகைப்படத்துக்கு அழகாக இருக்கும்; பயணிக்கு நயா பைசா பயன் இராது.

எல்லாவற்றிலும் கனமான ஆட்சேபம் அரண்மனைப் பக்கமிருந்து வரவேண்டியது. மரத்தால் ஆன கட்டடம் அது. குறுகிய படிகள், தாழ்ந்த நிலைகள், ஒருவர் பின் ஒருவராகத்தான் நகர முடிகிற வழிகள். அந்தக் கறுப்புத் தரையைக் காப்பாற்றவே செருப்பைக் கழற்றிவிட்டு வரச் சொல்கிறார்கள். கூட்டத்தைக் கூட்டிவிட்டால் நாம் பார்க்கப் போன பொருளையே தேய்த்துவிட மாட்டோமா? இந்தப் பயத்தை லேசாக ஒதுக்க முடியாது; அரண்மனையில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் இருக்கலாம் என்பதற்கு ஒரு வரம்பு வைத்தே ஆகவேண்டும். ஆனால் இப்போது அரண்மனையை நெரிப்பது ரயில் பயணி அல்ல. பள்ளிச் சுற்றுலாக் காலத்திலும் தொடர் விடுமுறைகளிலும் பேருந்து பேருந்தாக வந்து, ஒன்றரை மணி நேரத்தில் கன்னியாகுமரிக்கு ஓட வேண்டிய அவசரத்தில் பூமுகத்தை முட்டும் கூட்டம் அது. அந்த வாகனங்கள் நிற்பதற்காகக் கோட்டைக்குள்ளும் வாசலிலும் இடம் விட வேண்டியிருக்கிறது. பத்மநாபபுரம் கோட்டை ஒரு காட்சிப் பொருள் அல்ல. உள்ளே தெருக்கள் இருக்கின்றன, மக்கள் குடியிருக்கிறார்கள், நீலகண்டசுவாமி கோயிலும் இராமசுவாமி கோயிலும் வழிபாட்டில் இருக்கின்றன. அந்தத் தெருக்களில் வாகனப் புகையும் ஹாரனும் ஏறிக்கொண்டே போவது மரக் கட்டடத்துக்கும் நல்லதில்லை, குடியிருப்பவர்களுக்கும் நல்லதில்லை. ரயிலில் வந்து மினி பஸ்ஸில் இறங்கும் இருபது பேர் கோட்டைக்குள் ஒரு காரைக்கூட நிறுத்துவதில்லை. நுழைவுச் சீட்டை நேரம் குறித்துக் கொடுக்கும் முறை வந்தால், இன்ன வண்டிக்கு இன்ன நேரம் என்று முன்கூட்டியே பிரித்துவிடவும் முடியும். உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற தகுதியை ஒருநாள் கேட்கப் போகும் இடத்துக்கு, வந்து போகும் வழியை எப்படி ஒழுங்கு செய்திருக்கிறீர்கள் என்ற கேள்வி எப்படியும் வரும்.

மூன்று நிர்வாகங்கள் ஒரு மேசையில் உட்காருவது நம் ஊரில் நடக்கிற காரியமா என்று சலித்துக்கொள்பவர்கள், ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன்னால் பத்மநாபபுரத்தில் நடப்பதை நினைத்துப் பார்க்கலாம். அரண்மனைத் தேவாரக்கட்டு சரஸ்வதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்து நவராத்திரி விழாவுக்கு ஊர்வலமாகப் புறப்படுகிறார்கள். மன்னரின் உடைவாள் கைமாற்றித் தரப்படுகிறது. இரு மாநிலங்களின் அமைச்சர்களும் அதிகாரிகளும் பக்கத்தில் நிற்கிறார்கள். குழித்துறையில் ஒரு இரவு, நெய்யாற்றின்கரையில் ஒரு இரவு தங்கி, மூன்றாம் நாள் திருவனந்தபுரம் சேர்கிறது ஊர்வலம். எல்லையான களியக்காவிளையில் கேரளக் காவல்துறை மரியாதை செய்து வரவேற்கிறது. யானைக்கு எங்கே தண்ணீர், எந்தச் சந்திப்பில் எத்தனை நேரம் போக்குவரத்தை நிறுத்துவது, எந்த மாநிலப் போலீஸ் எதுவரை வருவது என்று அத்தனையும் பேசி முடிக்கிறார்கள். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக இரண்டு அரசுகளிலும் எத்தனையோ கட்சிகள் மாறி மாறி வந்தும் இது தடைபடவில்லை. தெய்வத்துக்காக உட்காரும் அதே அதிகாரிகள், ஒரு மினி பஸ் நேரத்துக்காகவும் ஒரு மதியம் உட்காரலாம். அந்தக் கூட்டத்தைக் கூட்டும் அதிகாரம் கன்னியாகுமரி மாவட்ட ஆட்சியரிடம் இருக்கிறது. ரயில்வே கோட்ட அலுவலகமும் கேரளத் தொல்லியல் துறையும் திருவனந்தபுரம் என்ற ஒரே நகரத்தில் இருப்பது கூடுதல் வசதி.

அவசரப்பட ஒரு காரணமும் இருக்கிறது. திருவனந்தபுரத்துக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே இரட்டைப் பாதை போடும் பணி நடந்துகொண்டிருக்கிறது. ஒற்றைப் பாதையில் எதிர்வண்டிக்கு வழிவிட்டு நிற்கும் கட்டாயத்தால்தான் இந்தத் தடத்தில் பாசஞ்சர் வண்டிகளின் நேரம் இவ்வளவு தாறுமாறாக இருக்கிறது. பாதை முழுதாக இரட்டையானதும் கால அட்டவணையைப் புதிதாக எழுதித்தான் ஆகவேண்டும். எழுதி அச்சிட்ட பிறகு ஒரு பாசஞ்சரை இருபது நிமிடம் முன்னே தள்ளுவது எவ்வளவு பாடு என்பது பயணிகள் சங்கங்களுக்குத் தெரியும். எழுதும்போது கேட்டால் அது ஒரு வரித் திருத்தம். அரண்மனையின் நேரத்தையும் திங்கட்கிழமை விடுமுறையையும் குறித்த ஒரு கடிதம், அட்டவணை எழுதுபவர்களின் மேசைக்கு அதற்குள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். மினி பஸ்ஸுக்கு அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. தடத்துக்கான அனுமதி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தீர்கிற விஷயம்.